சிறுவாட்டுக் கோழி

என் பள்ளிச் சான்றிதழ்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் ஒரு வருடம் குறையும். ஐந்தாம் வகுப்பு முடித்தது 1983 மே மாதம். ஆறாம் வகுப்பில் சேர்ந்தது 1984 ஜூன். கல்லூரியில் சேர்ந்தபோதும், பிறகு வேலைக்கு விண்ணப்பித்தபோதும், இந்த இடைவெளிக்குக் காரணம் கேட்டிருக்கிறார்கள். ‘குடும்பச் சூழ்நிலை’ என்று எழுதிக்கொடுப்பேன். கோழிக்குச் சீக்கு வந்தது என்று எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் நடந்தது அதுதான்.

சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர். மழை பெய்தால் நெல், பொய்த்தால் கருவேலங்கரி. அப்பா பேரில் ஒன்றரை ஏக்கர், இரண்டு உழவு மாடு. அம்மா பேரில் எதுவும் இல்லை. அப்பத்தா பேரிலும் இல்லை. கோழிகள் மட்டும் அவர்கள் இருவருடையவை. அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை. கோழியை விற்ற காசை அப்பா கேட்க மாட்டார், அவ்வளவுதான். கேட்டால் ஊர் சிரிக்கும். நிலம் வேண்டாத, பட்டா வேண்டாத, புருஷன் கையெழுத்து வேண்டாத ஒரே ஆஸ்தி அது. முட்டைக் காசும் குஞ்சு விற்ற காசும் அஞ்சறைப் பெட்டிக்கு அடியிலோ, உலக்கை சாத்திய மூலையிலிருந்த கலயத்திலோ சேரும். அதற்குச் சிறுவாடு என்று பெயர். குடும்பப் பொருளாதாரம் பற்றிப் பேசும் புத்தகங்களில் நான் அதிகம் பார்க்காத சொல். பெண்கள் வாயில் தினமும் புழங்கிய சொல்.

எங்கள் ஊர்ப் பள்ளி ஐந்தாவதோடு முடிந்துவிடும். ஆறாவதுக்கு பஸ் ஏற வேண்டும். “பொட்டப்பிள்ளைக்கு அஞ்சு போதும்” என்று அப்பா சொன்னபோது அம்மா எதிர்த்துப் பேசவில்லை. அந்த வருடம் கூடுதலாக மூன்று கோழிகளை அடையில் வைத்தார். பங்குனியில் பெரிதும் சிறிதுமாகப் பதினேழு உருப்படி நின்றன. சீருடைத் துணி, பஸ் காசு, நோட்டு எல்லாம் அந்தப் பதினேழின் காலில் நடந்துகொண்டிருந்தன.

சீக்கு ஒரு செவ்வாய்க்கிழமை தெரிந்தது. பஞ்சாரத்தைத் தூக்கியதும் எல்லாம் சிதறி ஓடும். அன்று இரண்டு மட்டும் அசையவில்லை. இறகைத் தொங்கப்போட்டு, கண்ணை மூடி, நின்ற இடத்திலேயே தூங்கி விழுந்தன. அப்பத்தா குனிந்து எச்சத்தைப் பார்த்தார். வெள்ளையும் பச்சையுமாகத் தண்ணீர்போல் இருந்தது. “வந்துருச்சுடி” என்றார். எது வந்தது என்று அம்மா கேட்கவில்லை. மறுநாள் வாயைத் திறந்து மூச்சு வாங்கின, கொக்கில் கோழை தொங்கியது. மூன்றாம் நாள் சாவு ஆரம்பித்தது.

அந்த வாரம் முழுக்க ஊரில் கோழிக்குழம்பு வாசனை. கொடைக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் கோழி அடிக்கிற ஊர் அது. “செத்தா மண்ணுக்கு, அதுக்கு முன்னாடி அறுத்தா வயித்துக்கு” என்று ஆண்கள் சொன்னார்கள். சொன்னதில் கணக்கு இல்லாமலும் இல்லை. அப்பா இரண்டை அறுத்தார். அம்மா குழம்பு வைத்தார், பரிமாறினார், சாப்பிடவில்லை. அப்பா காரணம் கேட்டதற்கு “வயிறு சரியில்லை” என்றார்.

கோழி வியாபாரி சைக்கிளில் வந்தார். சீக்கு வந்த ஊருக்கு வியாபாரி எப்படியோ மோப்பம் பிடித்து வந்துவிடுவார். பாதி விலைக்கும் கீழே கேட்டார். நடக்கத் தெம்பிருந்த நான்கை அம்மா கொடுத்துவிட்டார். அந்தக் கூடை அடுத்தடுத்த ஊர்ச் சந்தைக்குப் போனது. பத்து நாள் கழித்து என் சின்னம்மா ஊரில் சீக்கு. நோய் கூடையிலும், எச்சத்திலும், காலில் ஒட்டிய மண்ணிலும் போகும் என்று பின்னாளில் படித்தபோது எனக்கு அந்தச் சைக்கிள்தான் நினைவுக்கு வந்தது. நட்டத்தைக் கொஞ்சமாவது குறைக்க ஒரு பெண் செய்ததுதான் இன்னொரு பெண்ணின் பஞ்சாரத்தைக் காலி செய்திருக்க வேண்டும். அம்மாவிடம் இதை நான் இன்றுவரை சொன்னதில்லை.

இதற்கிடையில் அம்மா ஒரு காரியம் செய்தார். செவலை என்று நாங்கள் கூப்பிட்ட பெட்டையை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு, மூன்று மைல் நடந்து மாட்டாஸ்பத்திரிக்குப் போனார். நானும் கூடப் போனேன். வரிசையில் மாடும் ஆடும் நின்றன. எங்கள் முறை வந்ததும் அங்கிருந்தவர் முந்தானையைப் பார்த்துச் சிரித்தார். “கோழிக்கு வைத்தியமா? குழம்பு வச்சுருங்கம்மா.” மாட்டைப் பிடித்து நின்றவர்களும் சிரித்தார்கள். அம்மாவும் லேசாகச் சிரித்துவிட்டுத் திரும்பினார். திரும்பி வரும் வழி முழுக்கச் செவலையின் கொக்கைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

அந்த மனிதர்மேல் எனக்கு ரொம்பக் காலம் கோபம் இருந்தது. இப்போது இல்லை. அவர் கையில் கொடுக்க எதுவும் இருக்கவில்லை. ஏன் இருக்கவில்லை என்று தேடிப்போனதுதான் இந்தக் கட்டுரை.

நாங்கள் வெள்ளைக்கழிச்சல் என்று சொல்லும் இந்த நோய்க்கு இந்தியக் கால்நடை மருத்துவம் வைத்த பெயர் ராணிக்கெட் நோய். உலகம் நியூகாசில் நோய் என்கிறது. 1926இல் ஜாவாவிலும், இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்துப் பக்கமும் கோழிகள் கும்பல் கும்பலாகச் செத்தன. டாய்ல் என்ற ஆய்வாளர் 1927இல் இது பழைய கோழிக் கொள்ளைநோய் அல்ல, வேறொரு வைரஸ் என்று காட்டி, நோய் கண்ட ஊரின் பெயரையே வைத்தார். அதே காலத்தில் குமாவோன் மலையில் ராணிக்கெட்டிலும் நோய் கண்டது. முக்தேஸ்வர் ஆய்வகத்தைச் சேர்ந்த எட்வர்ட்ஸ் 1928இல் அதைப் பதிவு செய்தார். ராணிக்கெட் என்றால் ராணியின் வயல். பெண்களின் கையிருப்பைத் துடைத்துப்போடும் நோய்க்கு இப்படியொரு பெயர்.

முக்தேஸ்வர் ஆய்வகத்தின் கதையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1889இல் புனாவில் தொடங்கி 1893இல் மலைக்கு மாற்றப்பட்டது அது. அங்கே முதல் கவலை மாட்டு வெக்கை நோய். உழவும் வண்டியும் வரியும் மாட்டை நம்பியிருந்தன. பட்டாளத்துக்குக் குதிரை வேண்டும். ஆகவே மாடும் குதிரையும் அரசாங்கத்தின் கண்ணில் பட்டன. மாடு ஆண்களின் சொத்து என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னை மாகாணத்தில் 1932இல் ராணிப்பேட்டையில் சீரம் நிலையம் வந்ததும் மாட்டுக்காகத்தான். கோழி வரிசையில் ரொம்பப் பின்னால் நின்றது.

ஆனாலும் கோழியின் முறை வந்தது. 1940களில் முக்தேஸ்வரிலேயே ஹேடோ, இத்னானி என்ற இருவர் இந்த வைரஸை முட்டைக் கருவுக்குள் மறுபடி மறுபடி வளர்த்து, அதன் வேகத்தைக் குறைத்து ஒரு தடுப்பூசியை உருவாக்கினார்கள். உலகத்தின் பல நாடுகளுக்கு முக்தேஸ்வர் என்ற பெயரிலேயே அது போனது. நம் பண்ணைகளில் இன்னும் புழங்குகிறது. அதாவது, என் அம்மா முந்தானையில் கோழியைச் சுற்றிக்கொண்டு நடந்தபோது அந்த நோய்க்குத் தடுப்பூசி வந்து ஏறக்குறைய நாற்பது வருடம் ஆகியிருந்தது!

இங்கே மாணவிகள் கொஞ்சம் நிற்க வேண்டும். கண்டுபிடிக்கவில்லை என்பது ஒரு வரலாறு. கண்டுபிடித்தது வந்து சேரவில்லை என்பது வேறு வரலாறு. இரண்டாவதைத்தான் நாம் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது. வெள்ளைக்கழிச்சல் வந்தபின் குணப்படுத்த மருந்து கிடையாது, முன்கூட்டியே தடுக்கத்தான் முடியும். தடுப்பு மருந்து உறைய வைத்து உலர்த்திய தூளாகச் சிறு குப்பியில் வரும். குளிர்ச்சி கெடாமல் வைக்க வேண்டும். கரைத்துவிட்டால் இரண்டொரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஒரு குப்பியில் நூறு, இருநூறு, ஐநூறு என்று டோஸ் இருக்கும். முக்தேஸ்வர் வகையை இரண்டு மாதம் ஆகாத குஞ்சுக்குப் போட்டால் குஞ்சே போய்விடும். ஒரே வயதுக் கோழிகள் ஆயிரக்கணக்கில் ஒரே கொட்டகையில் நிற்கும் பண்ணைக்கு இதெல்லாம் கச்சிதமாகப் பொருந்தும். நாமக்கல் பண்ணைகள் பெருகியபோது அங்கே தடுப்பூசி அட்டவணை போட்டு நடந்தது. பதினேழு கோழியும் பதினேழு வயதில் நிற்க, ஐஸ் கட்டி கிடைக்காத ஊரில், ஒரு பெண் ஐநூறு டோஸ் குப்பியை உடைத்து என்ன செய்வாள்? தெருவில் முப்பது வீடு சேர்ந்து ஒரே காலையில் கோழிகளைப் பிடித்து வைத்திருந்தால் நடக்கும். அதைச் சொல்லித்தர யாரும் வரவில்லை. தடுப்பூசி பெண்களை வேண்டுமென்றே விலக்கியது என்று நான் சொல்லவில்லை. அதைச் செய்தவர்கள் மனதில் கோழி வளர்ப்பவர் என்று ஒரு உருவம் இருந்திருக்கும். அந்த உருவத்திடம் கொட்டகை இருந்தது, ஐஸ் பெட்டி இருந்தது. முந்தானை இருக்கவில்லை.

மாட்டாஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று அப்பத்தா அம்மியில் சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மஞ்சள், நாலு மிளகு வைத்து அரைத்தார். கீழாநெல்லியையும் பறித்துச் சேர்த்தார். சுண்டைக்காய் அளவு உருட்டி, ஒவ்வொன்றின் கொக்கையும் பிளந்து உள்ளே தள்ளினார். சீக்கானவற்றைத் தனியே தொழுவத்து மூலையில் பிரித்து வைத்தார். சீக்கானது குடித்த சட்டியை மற்றதற்கு வைக்கக் கூடாது என்று என்னை மிரட்டினார். நோய்த்தொற்று என்ற சொல் அவருக்குத் தெரியாது, சட்டி தெரியும். இன்று தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் மூலிகை உருண்டையில் இதே சாமான்கள் இருக்கின்றன. படித்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் பாட்டி வைத்தியத்துக்கு மாலை போட நான் வரவில்லை. உருண்டை தின்ற கோழிகளும் செத்தன. இரண்டு குழம்பில் போக, நான்கு கூடையில் போக, எட்டு கண் முன்னால் செத்தன. மூன்று மிஞ்சின.

மூன்றில் ஒன்று செவலை. உயிர் தங்கியது, கழுத்து திருகிக்கொண்டது. தலை பின்பக்கமாக முறுக்கி வானத்தைப் பார்க்கும். ஒரு அடி வைத்தால் வட்டமாகச் சுற்றும். கீழே கிடக்கும் தானியத்தைக் குறிபார்த்துக் கொத்த முடியாது. “அத அறுத்துரு, பாக்கவே சகிக்கல” என்றார் அப்பா. அப்பத்தா பதில் சொல்லாமல் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். கேப்பைக் கூழை விரலில் தொட்டுத் தொட்டு ஊட்டினார். ஒரு மாதம் ஊட்டினார். மகனுக்கு அவர் வாழ்நாளில் எதிர்த்துச் செய்த காரியங்களை எண்ணினால் இது ஒன்று.

செத்தவற்றுக்காக யாரும் அழவில்லை. “கோழிக்கு அழுதா வீட்டுக்கு ஆகாது” என்பது அப்பத்தாவின் சட்டம். மாடு செத்தால் துக்கம் கேட்க ஆள் வருவார்கள், நான் பார்த்திருக்கிறேன். கோழி செத்தால் வர மாட்டார்கள். ஆனால் அந்த வாரம் சாயங்காலங்களில் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். “உனக்கு எத்தன?” “ஒம்பது.” “எனக்கு அந்தக் கருப்பியும் போயிருச்சு.” “அந்தக் கருப்பியா?” அவ்வளவுதான் பேச்சு. ஒவ்வொருவருக்கும் மற்றவள் வீட்டுக் கோழியின் பெயர் தெரிந்திருந்தது. அது துக்க விசாரிப்புத்தான் என்று புரிய எனக்கு இருபது வருடம் ஆயிற்று.

ஒக்கூர் எங்கள் பக்கத்து ஊர். சங்கப் புலவர் ஒக்கூர் மாசாத்தியாரைத் தங்கள் ஊர்க்காரர் என்று அவர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். அவருடைய குறுந்தொகை 139ஆம் பாட்டில் ஒரு வீட்டுக்கோழி வருகிறது. மாலை நேரம், வேலியோரம் காட்டுப்பூனைகள், பதறிப்போய்த் தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கிறது பெட்டை. தலைவனைப் பற்றிக் கிளம்பிய ஊர்ப்பேச்சுக்கு உவமையாக அது வருகிறது. உரைகள் அலரைப் பற்றி விரிவாகப் பேசும். கோழிமேல் அவ்வளவு நேரம் நிற்காது. என்னால் அப்படிக் கடக்க முடிவதில்லை. குஞ்சுகளைக் கூட்டுகிற அந்தக் கேறல் சாதாரணக் கொக்கரிப்பிலிருந்து எப்படி மாறுபடும் என்பது மாலையில் பஞ்சாரம் கவிழ்த்தவளுக்குத்தான் தெரியும். அதைக் காதால் கேட்டவர் எழுதிய பாட்டு அது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். தமிழறிஞர்கள் ஒப்பாவிட்டாலும் பாதகமில்லை.

மூன்று கோழியிலிருந்து மறுபடி எப்படிப் பதினைந்து வந்தது? கடனோ மானியமோ வரவில்லை. வாரம் வந்தது. ஆடு மாட்டைப்போலக் கோழியையும் எங்கள் பக்கம் வாரத்துக்கு விடுவார்கள். பெட்டை அவளுடையது, வளர்ப்பது நான், பொரிக்கும் குஞ்சில் சரிபாதி. எங்களுக்கு வாரத்துக்குக் கோழி கொடுத்தவர், எங்கள் வயலில் களையெடுக்க வந்த, காலனியைச் சேர்ந்த ஒரு பெண். அவர் வீட்டில் நாலு தப்பியிருந்தன. அம்மாவைவிட வயதில் மூத்தவர். எங்கள் வீட்டில் நான் உட்பட எல்லோரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டோம். அவர் வீட்டுத் தண்ணீரை அப்பத்தா தொட மாட்டார். அவர் வீட்டுப் பெட்டையை இரண்டு கையாலும் வாங்கினார். நிலம் வைத்திருந்த நாங்கள் நிலமில்லாதவரின் கோழியில் பிழைத்தோம். இந்தக் கதையை ‘பெண்கள் ஒருவருக்கொருவர் உதவினார்கள்’ என்று சொல்லி முடிக்க எனக்கு வாய் வரவில்லை. குஞ்சு பொரித்ததும் அவருக்குச் சரிபாதி கொடுத்தோம். வீட்டுக்குள் கூப்பிடவில்லை.

செவலை அடைக்குப் படுத்தது இந்த வாரத்துக்கு வந்த கோழியின் முட்டைகள்மேல்தான். தலை கோணியிருந்தாலும் சூடு கோணவில்லை. பதினொன்று வைத்து ஒன்பது பொரித்தது. மறு வருடம் ஜூன் மாதம் நான் பஸ் ஏறினேன். அதற்கடுத்த வருடம் ஒரு காலையில் செவலை பஞ்சாரத்துக்குள் செத்துக் கிடந்தது. அப்பத்தா அதை முருங்கை மரத்தடியில் புதைத்தார். அன்று மட்டும் அவர் சட்டத்தை அவரே மீறினாரா என்று தெரியாது. அடுப்பு ஊதிக்கொண்டிருந்தார், புகை இருந்தது.

அரசாங்கம் வீட்டுக்கோழியை முதன்முறையாக அக்கறையோடு எண்ணியதை நான் பார்த்தது 2006இல். அந்தப் பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாபூரில் பறவைக் காய்ச்சல். 2008 தொடக்கத்தில் மேற்கு வங்கத்தில் கிராமம் கிராமமாக வீட்டுக்கோழிகளைப் பிடித்துக் கொன்றார்கள். மனிதருக்குத் தொற்றும் ஆபத்து உண்மையானது, கொன்றதை நான் குறை சொல்லவில்லை. கோழிகளைக் கொடுக்க மறுத்தவர்களையும் ஒளித்து வைத்தவர்களையும் பற்றிச் செய்திகள் வந்தன, விழிப்புணர்வு இல்லாத சனங்கள் என்ற தொனியில். படித்தபோது அப்பத்தா மடியில் வைத்துக்கொண்ட செவலைதான் எனக்குத் தோன்றியது. கொன்ற கோழிக்குத் தலைக்கு இவ்வளவு என்று இழப்பீடு உண்டு. வருடா வருடம் கழிச்சலில் போகும் கோழிக்கு அது கிடையாது. கழிச்சலில் வெறும் சிறுவாடு போகிறது, ஊரின் உயிர் போவதில்லை.

மாற்றமும் வந்தது. 1980களில் மலேசியாவில், ஆஸ்திரேலியரான பீட்டர் ஸ்பிராட்பிரோவும் மலேசிய ஆய்வாளர்களும் வெயிலைக் கொஞ்சம் தாங்கும் தடுப்பு மருந்தைத் தீவனத்தில் கலந்து நாட்டுக்கோழிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பின்னர் அதே வழியில் வந்த இன்னொரு வகை மொசாம்பிக்கிலும் தான்சானியாவிலும் கண்ணில் சொட்டு விடும் மருந்தாகக் கிராமங்களுக்குப் போனது. ஊர்ப் பெண்களே அதைப் போடக் கற்றுக்கொண்டார்கள். நம் கால்நடைப் பல்கலைக்கழகமும் தீவனத்தோடு தின்னக் கொடுக்கும் குருணைத் தடுப்பு மருந்தை நாட்டுக்கோழிக்கென்றே உருவாக்கியது. எங்கள் ஊர்ப் பக்கம் பிப்ரவரி மாதம் இருவாரக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடக்கிறது. சீக்கு வரும் பங்குனிக்குச் சற்று முன்னால். அந்தக் கணக்கு அப்பத்தாவுக்குப் பிடித்திருக்கும்.

போன முகாமுக்கு அம்மாவோடு நான் போயிருந்தேன். அம்மாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. கோழிகளைக் காலைக் கட்டித் தலைகீழாகத் தூக்கி வந்தவர்களை அதட்டிக்கொண்டே, தன்னுடையதைப் பஞ்சாரத்தோடு ஆட்டோவில் ஏற்றி வந்தார். பதிவேட்டில் எழுதிய பையன் உரிமையாளர் பெயர் கேட்டான். வீட்டு எண்ணைச் சொன்னதும் பழைய பதிவைப் பார்த்து அவனே அப்பா பெயரை எழுதிவிட்டான். அப்பா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது.

“அவரு ஒருநாளும் கோழியத் தெறந்து விட்டதில்ல தம்பி. அடிச்சுட்டு என் பேர எழுது.”

பையன் அடித்துவிட்டு எழுதினான். எத்தனை உருப்படி என்று கேட்டான்.

“குஞ்சோட சேத்தா, சேக்காமலா?” என்றார் அம்மா.